பழைய எஸ்யூவியில் பல கோளாறுகள் ஒரே சமயத்தில் வந்தால் எங்கிருந்து தொடங்குவது

செகண்ட் ஹேண்டில் டீசல் எஸ்யூவி ஒன்றை வாங்கி, இரண்டு மூன்று மழைக்காலம் ஓட்டிய பின், டேஷ்போர்டில் ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள் எரியத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடையது 2010-இல் பதிவான ஏழு இருக்கை வண்டி. வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்நகருக்கும் குளச்சலுக்கும் இடையில், கடற்காற்று படும் தூரத்தில் இருக்கிறது. 2024 ஜூன் தொடங்கி ஐந்து மாதம் அந்த வண்டி என்னைப் பாடாய்ப் படுத்தியது. காலையில் செல்ஃப் எடுக்காது, டெம்பரேச்சர் முள் காரணமில்லாமல் ஏறும், ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) விளக்கு எரியும், ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றுவிடும், கியர் மாற்றும்போது அடியில் ‘டொக்’ என்று இடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இடத்தில் காட்டி, பேட்டரிக்கு 8,200, செல்ஃப் மோட்டார் ரிப்பேருக்கு 4,800, ரேடியேட்டர் சர்வீஸுக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் 6,500, ஏபிஎஸ் சென்சாருக்கு 5,400, வண்டிக் கணினியில் பதிவான எரர் கோடுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்த்ததற்கு மூன்று தடவையாக 2,400 என 27,300 ரூபாய் செலவழித்தேன். ஒரு கோளாறும் தீரவில்லை. கடைசியில் வண்டியைச் சரிசெய்தவை 380 ரூபாய் எர்த் பட்டை ஒன்றும், ஒரு எஞ்சின் மவுண்டிங்கும், முன் சக்கரத்தின் பேரிங் ஒன்றும்தான். மூன்றுக்கும் லேபரோடு சேர்த்து 8,880 ரூபாய் ஆனது. பாகம் பாகமாக மாற்றிப் பார்க்காமல் வரிசையாகச் சோதித்திருந்தால், முதல் வாரத்திலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை இது. அந்த வரிசையைக் கீழே தருகிறேன்.

1. மூன்று நாள் ஸ்பானரைத் தொடாமல் நோட்டில் எழுதுங்கள்

பழைய வண்டியில் ஐந்து கோளாறு தெரிகிறது என்றால் ஐந்து பாகம் கெட்டிருக்கிறது என்று பொருளில்லை. ஒரே காரணம் ஐந்து இடங்களில் முகம் காட்டலாம். அதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு கோளாறும் எப்போது வருகிறது என்பதை எழுதி வைக்க வேண்டும். தேதி, நேரம், எஞ்சின் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா, மழை பெய்ததா, அப்போது எந்தெந்த ஸ்விட்ச் போட்டிருந்தது, எத்தனை கிலோமீட்டர் வேகம் ஆகியவை போதும்.

என் நோட்டில் இருந்த ஒரு வரியை அப்படியே தருகிறேன்: “ஜூலை 14, இரவு 7.40, தக்கலை, மழை. ஹெட்லைட், வைப்பர், ஏசி ஓடுகிறது. டெம்பரேச்சர் முள் முக்கால். ஹெட்லைட்டை அணைத்தேன், முள் உடனே பாதிக்கு இறங்கியது.” எஞ்சின் இரண்டு விநாடியில் குளிர்ந்துவிடாது. ஆகவே சூடு உண்மையான சூடல்ல, மின்சாரம் காட்டும் பொய்க்கணக்கு என்பது இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. ஆனால் அதை எழுதுவதற்கு முன்பே நான் மெக்கானிக்கிடம் போய் “வண்டி ஹீட் ஆகிறது” என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர் ஹீட்டுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். நீங்கள் போகும்போது முடிவைச் சொல்லாதீர்கள், கண்டதைச் சொல்லுங்கள். “பேட்டரி போய்விட்டது” என்று சொன்னால் பேட்டரி மாற்றப்படும். “காலையில் சாவி போட்டால் ‘கட கட’ என்று சத்தம் மட்டும் வருகிறது, விளக்கு மங்கவில்லை” என்று சொன்னால் சோதனை தொடங்கும்.

எழுதி முடித்தபின் இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள். ஒரே நேரத்தில் சேர்ந்து வருபவை ஒரு பக்கம், தனியாக வருபவை மறுபக்கம். சேர்ந்து வருபவற்றுக்குப் பெரும்பாலும் மின்சார அடித்தளமே காரணம். தனியாக, குறிப்பிட்ட வேகத்திலோ திருப்பத்திலோ மேட்டிலோ மட்டும் வருபவை இயந்திரப் பக்கம் சேர்ந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. பணம் போடும் முன் ஆவணங்களைப் பாருங்கள்

ஆர்சியை எடுத்துப் பதிவுத் தேதியைப் பாருங்கள். சொந்தப் பயன்பாட்டு வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு முடிய ஆறு மாதமே இருக்கிறது என்றால் உங்கள் ரிப்பேர் வரிசையே மாறும். பிரேக், விளக்கு, ஹார்ன், வைப்பர், புகை ஆகியவை முன்னால் வரும், ஜன்னல் கண்ணாடி பின்னால் போகும். பதிவுப் புதுப்பிப்பைப் பற்றி இறுதியில் எழுதியிருக்கிறேன்.

இன்ஷூரன்ஸ் பாலிசியையும் படித்துப் பாருங்கள். முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும், தேய்மானத்தையும் தானாக வரும் இயந்திர, மின் கோளாறுகளையும் சாதாரணப் பாலிசி விலக்கி வைக்கும். எலி கடித்ததற்கும் வெள்ளம் புகுந்ததற்கும் பாதுகாப்பு உண்டா என்பதை உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்படி ஏதும் நடந்திருந்தால் ஒயரைத் தொடுவதற்கு முன் புகைப்படம் எடுத்து, அவர்களுக்குத் தெரிவித்து, சர்வேயர் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். சரிசெய்துவிட்டு பில்லை மட்டும் நீட்டினால் கோரிக்கை நிற்காது.

முந்தைய உரிமையாளரிடமிருந்து சர்வீஸ் பில்கள் கிடைத்தால் தேதி வரிசையில் அடுக்குங்கள். டைமிங் செயின் அல்லது பெல்ட், கிளட்ச், டீசல் ஃபில்டர் எப்போது மாற்றப்பட்டன என்பது அதில் தெரியும். தெரியாத பட்சத்தில் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

3. கருவிகள்

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் ஒன்று, தடித்த ஜம்ப் கேபிள் ஒரு ஜோடி, 10 எம்எம் ஸ்பானர், உப்புத்தாள், ஒரு பழைய பல்துலக்கி. இவை போதும். மல்டிமீட்டர் வாங்கும்போது 10 ஆம்பியர் அளக்கும் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஜாக்கியில் மட்டும் தூக்கி நிறுத்திய வண்டியின் கீழ் எந்தக் காரணத்துக்காகவும் படுக்காதீர்கள். தாங்கு ஸ்டாண்ட் வேண்டும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் ஏர்பேக்கினுடையவை, அவற்றில் டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது.

4. பேட்டரி: ஓய்வில் ஒரு அளவு, செல்ஃப் அடிக்கும்போது ஒரு அளவு

இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் சாவி போடும் முன் பேட்டரியின் இரு முனைகளிலும் அளவெடுங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் சுமார் முக்கால். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழ் என்றால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் எந்தச் சோதனையும். வெற்றுப் பேட்டரியோடு செய்யும் சோதனைகள் எல்லாமே உங்களைத் தவறான வழியில் இழுத்துச் செல்லும்.

அடுத்து ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி, செல்ஃப் அடிக்கும் அந்த இரண்டு மூன்று விநாடியில் அளவு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியையோ செல்ஃப் மோட்டாரையோ சந்தேகிக்கலாம். பலரும் கவனிக்காத இன்னொரு நிலை உண்டு. செல்ஃப் சுற்றவில்லை, ஆனால் பேட்டரி முனையில் 11.5 வோல்ட்டுக்கு மேல் அப்படியே நிற்கிறது. அப்படியென்றால் பேட்டரியிடமிருந்து யாரும் பெரிய மின்னோட்டத்தை எடுக்கவே இல்லை. வழியில் எங்கோ தடை இருக்கிறது. என் வண்டியில் 11.6 நின்றது. அந்த எண்ணின் பொருள் எனக்கு அன்று தெரிந்திருந்தால் புதுப் பேட்டரிக்குப் பணம் கொடுத்திருக்க மாட்டேன்.

5. எர்த்: நம் மாவட்டத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் திரும்பி வந்தாக வேண்டும். வண்டியின் இரும்பு உடலே அந்தத் திரும்பும் பாதை. ஆனால் எஞ்சின் ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் மிதந்து நிற்பதால், அதற்கும் உடலுக்கும் இடையே செம்பு இழைகளால் பின்னிய ஒரு பட்டை அல்லது கனமான கேபிள் இணைப்பாக இருக்கும். இதைத்தான் எர்த் பட்டை என்கிறோம். இந்தப் பட்டை சேறும் உப்புக்காற்றும் படும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருக்கிறது. மணக்குடி, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் என்று கடலோரம் நிற்கும் வண்டிகளில் இது அரித்துப் போவதை எந்த வருடாந்தர சர்வீஸும் கவனிப்பதில்லை என்பது என் அனுபவம். சர்வீஸ் பட்டியலில் அந்த வரியே பெரும்பாலும் கிடையாது.

சோதிக்கும் முறை எளியது. மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தண்டில் (கிளாம்பில் அல்ல, ஈயத் தண்டிலேயே) வையுங்கள். சிவப்பு முனையை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் அழுத்துங்கள். செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். அரை வோல்ட்டைத் தாண்டினால் தவறு இருக்கிறது. என் வண்டியில் 4.3 காட்டியது. பேட்டரியின் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பும் வழியிலேயே செலவாகிக்கொண்டிருந்தது. பாசிட்டிவ் பக்கத்தையும் இதே போல, பேட்டரி பாசிட்டிவ் தண்டுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த கம்பி சேரும் முனைக்கும் இடையே அளக்கலாம். அங்கே அரை வோல்ட் வரை பொறுக்கலாம்.

மீட்டர் இல்லாமலும் ஒரு சோதனை உண்டு. எனக்கு அதைக் காட்டியவர் தக்கலையில் நாற்பது வருடமாக வயரிங் வேலை செய்யும் ஒரு பெரியவர். நான் கொண்டுபோன பில்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு ஜம்ப் கேபிளை எடுத்து, ஒரு நுனியைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு நுனியை எஞ்சினின் தூக்கு வளையத்திலும் கவ்வ வைத்து, “அடிங்க” என்றார். ஐந்து மாதமாக முக்கிக்கொண்டிருந்த எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. “பாட்டரில குத்தம் ஒண்ணும் இல்ல சாரே, எர்த்து அத்துப் போய்க் கெடக்கு” என்றார். பிறகு வண்டிக்கடியில் போய்ப் பட்டையைக் கழற்றிக் கையில் தந்தார். விரல் அகலத்தில் ஒரு செம்புப் பின்னல், முழுக்கப் பச்சை பூத்திருந்தது. இரண்டு விரலால் தேய்த்தேன், உமி போல உதிர்ந்தது. பிடித்துக்கொண்டிருந்தவை ஏழெட்டு இழைகள்தான்.

ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறியதன் காரணமும் அதுவே. விளக்கும் வைப்பரும் ஏசி விசிறியும் இழுக்கும் மின்னோட்டம் எஞ்சினில் இருக்கும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவுக்குத் திரும்ப வேண்டும். பட்டை அற்றிருந்ததால் எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசம் உண்டாகி, எஞ்சினில் பொருத்திய சென்சாரின் கணக்கு குழம்பியது. ஜன்னல் கண்ணாடியும் புதுப் பட்டை போட்ட அன்றே தடையின்றி ஏறி இறங்கத் தொடங்கியது.

இந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் பட்டை ஏன் அறுந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. என் வண்டியில் இடப்பக்க எஞ்சின் மவுண்டிங்கின் ரப்பர் கிழிந்து எஞ்சின் சரிந்திருந்தது. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் எஞ்சின் ஆடி அந்தப் பட்டையை இழுத்தது. அடியில் கேட்ட ‘டொக்’ சத்தமும் அதுதான். மவுண்டிங்கை மாற்றாமல் பட்டையை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த மழைக்குள் அதுவும் அறுந்திருக்கும்.

புதுப் பட்டை போடும்போது சேரும் இடத்தை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். முதலில் கிரீஸ் தடவிவிட்டு இறுக்குவது தவறு. பேட்டரியிலிருந்து உடலுக்கு, உடலிலிருந்து எஞ்சினுக்கு, டேஷ்போர்டுக்கு அடியில், பின் விளக்குகளுக்கு அருகில் என ஒரு வண்டியில் பல எர்த் புள்ளிகள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் கழற்றித் தேய்த்து மாட்டிவிடலாம்.

6. டைனமோவும் இரவில் கசியும் மின்சாரமும்

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி டீஃபாகர் எல்லாவற்றையும் போட்டு மறுபடி பாருங்கள். 13-க்குக் கீழே விழுந்தால் பெல்ட் தளர்வு, கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் என்ற வரிசையில் போகலாம். 15-ஐத் தாண்டினால் வண்டியை ஓட்டாதீர்கள், கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எரிந்துவிடும்.

பேட்டரி நல்லது, சார்ஜும் நல்லது, ஆனாலும் இரண்டு நாள் நின்றால் வண்டி படுத்துவிடுகிறது என்றால் கசிவு இருக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, அதற்கும் தண்டுக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணையுங்கள். எல்லாக் கதவும் பூட்டி, சாவி வெளியே இருக்க, நாற்பது நிமிடம் வரை பொறுங்கள். உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உறங்க அவ்வளவு நேரம் எடுக்கும். அதன்பின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதிகம் என்றால் ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது இறங்குகிறது என்று பாருங்கள். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது தப்பித் தவறியும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் ஒரு நொடியில் போய்விடும். கம்பெனியில் வராமல் வெளியே பொருத்திய ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, ஃபாக் லேம்ப், ரிமோட் லாக் ஆகியவற்றின் இணைப்புகளை முதலில் சோதியுங்கள். பழைய வண்டிகளில் கசிவு பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும்.

7. தண்ணீர், உப்பு, எலி

நமக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபர் முதல் வரும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வண்டி காய்வதற்குக் கிடைக்கும் மாதங்கள் குறைவு. முன் கண்ணாடி ரப்பரின் கீழ் ஓரத்தில் கசியும் நீர் நேராக டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள ஃபியூஸ் பெட்டிக்கு இறங்கும். ஏசியின் வடிகால் குழாய் அடைத்தாலும் அதே இடம்தான் நனையும். முன் இருக்கைப் பக்கத்துக் கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் கையில் ஒட்டினால், எந்த எலக்ட்ரிகல் பாகமும் வாங்கும் முன் கசிவை அடையுங்கள்.

கதவுக்கும் உடலுக்கும் இடையே ரப்பர் குழாய்க்குள் ஓடும் ஒயர்கள், கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளைகின்றன. பதினைந்து வருடத்தில் அவை உள்ளுக்குள் முறிந்திருக்கும். கதவைப் பாதி திறந்து வைத்தால் கண்ணாடி வேலை செய்கிறது, மூடினால் செய்யவில்லை என்றால் மோட்டாரை வாங்காதீர்கள், அந்த ரப்பரை உருவிப் பாருங்கள். பின் கதவிலும் இப்படித்தான்.

ஒயர்கள் ஒன்றோடொன்று சேரும் கப்ளர்களைக் கழற்றிப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ தெரிந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பல்துலக்கியால் தேயுங்கள். ரப்பர் தோட்டத்துக்குள்ளும் தென்னந்தோப்புக்குள்ளும் வண்டி நிறுத்துகிறவர்கள் எஞ்சின் மேல்மூடியைக் கழற்றி எலி கூடு கட்டியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். கடித்த ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது இரண்டு மாதத்துக்குக்கூட வராது. சால்டர் செய்து அல்லது கிரிம்ப் அடித்து, வெப்பத்தில் சுருங்கும் உறை போடச் சொல்லுங்கள்.

இரண்டு தவறுகளைச் செய்யாதீர்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 15 ஆம்பியருக்குப் பதில் 30 போடுவது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம். உப்பு போகட்டும் என்று எஞ்சின் அறைக்குள் பிரஷர் வாஷ் அடிப்பது கப்ளர்களுக்குள் தண்ணீரை ஏற்றுவது. அடிப்பாகத்தைத் தாராளமாகக் கழுவுங்கள், மேலே துணியால் துடையுங்கள்.

8. ஸ்கேனர் இப்போதுதான்

எர்த்தும் பேட்டரியும் சரியாகாத வண்டியில் ஸ்கேனர் போட்டால் பத்துப் பதினைந்து எரர் கோடு வரும், அவற்றில் பாதி பொய். வோல்டேஜ் குறைந்தாலே கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றையொன்று காணவில்லை என்று புகார் எழுதத் தொடங்கிவிடும். ஆகவே முதலில் வந்த கோடுகளைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, அழித்துவிட்டு, இரண்டு மூன்று நாள் ஓட்டி, திரும்பி வருபவை எவை என்று பாருங்கள். பி0562 என்று வந்தால் வோல்டேஜ் குறைவு, மறுபடி நான்காம் படிக்குப் போங்கள். பி0087 என்றால் டீசல் ரெயிலில் அழுத்தம் குறைவு, அது ஒன்பதாம் படி.

சந்தையில் கிடைக்கும் மலிவான ப்ளூடூத் கருவி, 2010-ஐ ஒட்டிய வண்டிகளில் சாக்கெட் பொருந்தினாலும் பேசாமல் போகலாம். வாங்கும் முன் அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் இரவல் வாங்கிச் சோதியுங்கள்.

ஒரு கோடு ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னால் அந்தப் பாகம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். என் வண்டியில் இடது முன்சக்கர வேக சென்சார் என்று கோடு வந்தது. புதிய சென்சார் போட்டும் நான்காம் நாள் விளக்கு எரிந்தது. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழுமாகக் கையால் ஆட்டிப் பார்த்தபோது பேரிங்கில் ஆட்டம் இருந்தது. பேரிங் ஆடினால் சென்சாருக்கும் சக்கரத்தோடு சுற்றும் பல்வளையத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறும், சென்சாரின் கணக்கு தவறும். மின்சாரக் கோளாறு போலத் தெரிந்தது இயந்திரக் கோளாறாக இருந்தது.

9. இயந்திரப் பக்கம்

சூடு உண்மையிலேயே ஏறுகிறதா என்பதை முள்ளை நம்பாமல், ஸ்கேனரில் தெரியும் டிகிரி எண்ணிலோ அகச்சிவப்பு வெப்பமானியிலோ பாருங்கள். தக்கலை மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் ஏறி, நாற்கரச் சாலையில் இறங்கினால் விசிறி அல்லது அதைச் சூட்டுக்கேற்பச் சுற்றவைக்கும் விஸ்கஸ் கப்ளிங்கைப் பாருங்கள். வேகத்திலும் மேட்டிலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது.

இழுவை குறைந்தால் விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டரும் அதனடியில் தங்கும் தண்ணீரும், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாய் என்ற வரிசையில் போங்கள். குழாய் கிழிந்திருந்தால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ‘உஸ்’ என்று காற்று கேட்கும், வெளிப்பக்கம் ஆயில் கசிவு தெரியும், கறும்புகை வரும். அதன் பிறகு, புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வு. கடைசியில்தான் இன்ஜெக்டரும் டர்போவும், ஏனென்றால் அவற்றின் விலை வண்டியின் விலையையே யோசிக்க வைக்கும். எஞ்சின் சூடானபின் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டால் இன்ஜெக்டர்களின் திரும்பு டீசல் அளவைச் சிறு பாட்டில்களில் பிடித்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறைந்தால் குற்றவாளி அந்த ஒன்று, நான்கையும் மாற்ற வேண்டியதில்லை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது.

இழுவையைச் சோதிக்கும் சாலையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவ மாதங்களில் காவல்கிணறிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் வரும்போது எதிர்க்காற்று பலமாக இருக்கும். நல்ல வண்டியும் அங்கே மந்தமாகவே தெரியும். பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாறு ஏறும் சாலை இதற்குப் பொருத்தமானது. ஆனால் பிரேக் உறுதியாக இருக்கும்போது மட்டும் அங்கே போங்கள்.

சத்தங்களில், வேகத்தோடு கூடும் ‘ஊ’ சத்தம் ஒரு பக்கம் திருப்பும்போது மாறினால் வீல் பேரிங். சிறு பள்ளத்தில் ‘கட கட’ என்றால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ். வண்டி கிளம்பும் கணத்தில் அடியிலிருந்து ‘டக்’ என்றால் புரொபெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்ட் கிராஸ் அல்லது எஞ்சின் மவுண்டிங். ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சூடாக இருந்தால் பிரேக் காலிப்பரின் ‘பின்’ (ஊசி) துருப்பிடித்து இறுகியிருக்கிறது, கடலோர வண்டிகளில் இது அடிக்கடி வரும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் ஆழமாக இருந்தாலும் பழைய டயர் பழைய டயர்தான்.

10. ஒர்க்‌ஷாப்பில் நடந்துகொள்ளும் முறை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது, கோளாறு திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாகம் வாங்கும் முன் “இதுதான் கெட்டிருக்கிறது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், காட்டித் தருவார்.

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்ஆப் செய்தியாக இருந்தாலும் போதும். பாகத்தின் பில்லும் லேபர் பில்லும் தனித்தனியாக, ஜிஎஸ்டி எண்ணோடு இருக்கட்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வாருங்கள். எலக்ட்ரிகல் வேலைக்குத் தனி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் செல்வது நல்லது. எஞ்சின் வேலை செய்பவரே வயரிங்கையும் பார்த்துக்கொள்வார் என்று விடுவதில்தான் என் ஐந்து மாதம் கரைந்தது. சோதனைக்கு மட்டும் கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அந்தப் பெரியவர் பட்டைக்கான 380 ரூபாயை மட்டும் கேட்டார். நான் வற்புறுத்தி 500 ரூபாய் கூடுதலாக அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தேன்.

11. கால அளவும் பதிவுப் புதுப்பிப்பும்

நோட்டுக்கு மூன்று நாள், நான்கிலிருந்து ஏழாம் படி வரை இரண்டு விடுமுறை நாள், ஸ்கேனருக்கு அரை நாள், இயந்திர வேலைக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாடலின் பாகங்கள் நாகர்கோவிலில் இருப்பில் இல்லாமல் மதுரையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ வர வேண்டியிருக்கும், அதற்குக் கூடுதல் நாட்கள் வேண்டும். மே மாதத்துக்குள் வயரிங் வேலையை முடித்துவிடுங்கள். மழையில் திறந்து வைத்த ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) முன்பைவிட மோசமாகும். கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் மார்த்தாண்டம் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் இடம் கிடைப்பது கடினம்.

பதிவு முடிவதற்கு 60 நாட்களுக்குள் படிவம் 25-இல் புதுப்பிப்புக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கு முன்னால் முடியாது. மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகன் இணையத்தில் தொடங்கி, டிஎன் 74 என்றால் நாகர்கோவில், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். முகவரி மாறியிருந்தால் எந்த அலுவலகம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஆர்சி, நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி கட்டிய ரசீது, அடையாள ஆவணம், கடன் இருந்திருந்தால் அது முடிந்ததற்கான சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். புகைச் சான்று பிஎஸ் 4 (புகை அளவு விதியின் நான்காம் கட்டம்) வண்டிக்கு ஓராண்டும், அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதமும் செல்லும். கார் வகை வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். இருபது ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும்.

சோதனைக்குப் போவதற்கு முதல் நாள் சேசிஸ் எண்ணைத் தேடிப் பாருங்கள். கடலோர வண்டிகளில் அது துருவுக்கு அடியில் மறைந்திருக்கும், படிக்க முடியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டீசலில் நனைத்த துணியால் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கிரைண்டர் வைத்துவிடாதீர்கள், எண் அழிந்தால் அது வேறு வழக்காகிவிடும். துடைத்தபின் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள். அலுவலகத்தில் துணியால் ஒருமுறை துடைத்தால் எண் தெளிவாகத் தெரியும்.